ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தவர்களுக்கு

அன்புள்ள தலைமையாசிரியர் அம்மாவுக்கும், அறிவியல் டீச்சருக்கும், பி.இ.டி. சாருக்கும், தமிழய்யாவுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும், பெயர் தெரியாத இன்னும் சிலருக்கும் மன்னார்குடியிலிருந்து ஒரு தாய் எழுதும் மடல்.

வணக்கம்.

எங்கள் மகள் சிங்கப்பூர் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. மறுநாளே உங்களை எல்லாம் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கு வந்தேன். டீச்சரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அப்படியே திரும்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் செய்தது ஊருக்கும் தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு டைப் 1 சர்க்கரை நோய். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், பதினைந்து வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. எட்டு வயதில் திடீரென்று மெலிந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரி படுக்கையை நனைத்தாள். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு மயங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்பது நாள் அங்கே இருந்தோம். அன்று முதல் ஒரு நாளைக்கு நான்கு ஊசி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு மறுநாள் முழுவதற்குமான நீண்ட நேர இன்சுலின் ஒன்று. இனிப்பு நிறையக் கொடுத்ததால் வந்ததா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. இனிப்பு தின்றதாலோ பெற்றவர் செய்த தவறாலோ வருவதில்லை. இதை நானே நம்புவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அவள் முன்பு படித்த பள்ளியில் கொடைக்கானல் சுற்றுலா வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் பேர் கொடுத்தார்கள், இவளும் கொடுத்தாள். "வழியில் ஏதாவது ஆகிவிட்டால் எங்களால் பொறுப்பு ஏற்க முடியாது" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது, கோபப்படவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் பஸ் ஏறிய அன்று காலையில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வழக்கம்போல் பள்ளிக்குப் போவேன் என்று நின்றாளே, அதை நான் மறக்கவில்லை.

அதனால்தான் இந்த வருடம் அறிவியல் மன்றப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரைச் சிங்கப்பூர் அழைத்துப் போகிறோம் என்று சீட்டு வந்தபோது, அதை நான் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்து மூடினேன். நான்காம் நாள் தலைமையாசிரியர் அம்மா போன் செய்தீர்கள். "சீட்டு இன்னும் வரலையே?" என்று கேட்டீர்கள். நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தி, "அவளும் வரட்டும்மா. என்ன செய்யணும்னு சொல்லுங்க, நாங்க கத்துக்கறோம்" என்றீர்கள். ஏழு வருடத்தில் டாக்டர், நர்ஸ் தவிர வேறு யாரும் என்னிடம் "கற்றுக்கொள்கிறோம்" என்று சொன்னதில்லை. அம்மா, அந்த ஒரு சொல்லுக்கு முதல் நன்றி.

சொன்னபடியே கற்றும் கொண்டீர்கள். அறிவியல் டீச்சர் நான்கு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் தன் விரலில் குத்தி, குளுக்கோமீட்டரில் தன் சர்க்கரையைப் பார்த்தார். பிறகுதான் பாப்பாவின் விரலைத் தொட்டார். இன்சுலின் பேனாவில் முனை மாட்டி, அளவைத் திருகி, சாத்துக்குடிப் பழத்தில் குத்திப் பழகினார். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டார். உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், இல்லையென்றால் ஒரு சின்ன டப்பா பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆம்புலன்ஸ்தான். பி.இ.டி. சார் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரொம்ப நடந்தா சுகர் இறங்குமா?" என்று சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். இறங்கும் சார், சில சமயம் அன்று ராத்திரி தூக்கத்தில் கூட இறங்கும் என்றேன். அப்போதுதான் ராத்திரி மூன்று மணி என்ற பேச்சு வந்தது.

வகுப்பிலும் டீச்சர் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறார். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்சனுக்கு 14 வயது, உங்கள் வயதுப் பையன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாளாவது உயிரோடு வைத்திருந்தார்களாம். இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கின் பிறந்தநாள் நவம்பர் 14, நம் குழந்தைகள் தினமும் அன்றைக்குத்தான் என்றும் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்த பாப்பாவின் முகம் வேறாக இருந்தது. அதுவரை கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், மறுநாளிலிருந்து வகுப்பில் பெஞ்சிலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். சுற்றுலாவே நடக்காமல் போயிருந்தாலும் அந்த வகுப்புக்காக நான் நன்றி சொல்லியிருப்பேன்.

பாஸ்போர்ட் எடுத்த கதை பெரிது, சுருக்கமாகச் சொல்கிறேன். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிந்ததோடு சரி, அப்புறம் நாங்கள் போய்ப் பெயர் சேர்க்கவில்லை. நகராட்சி அலுவலகத்தில் என்னை உட்கார வைத்து, என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முடித்தும் கொடுத்த அந்தத் தம்பிக்கு நன்றி. தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் நானும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லாததால் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி. பணத்துக்கு எங்கள் மகளிர் குழு கைகொடுத்தது. பாதிச் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டீர்கள். யார் யாருக்கு உதவி கிடைத்தது என்பது பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் நன்றாகவே கவனித்தேன்.

எங்கள் டாக்டரம்மா ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இன்சுலினைப் பெட்டியில் வைத்து விமானத்தின் அடிவயிற்றில் போடக் கூடாது, உறைந்துபோனால் பயன்படாது, கையிலேயே இருக்க வேண்டும். தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்துப் போக வேண்டும், அதையும் இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். இது மருந்து, இவை ஊசி முனைகள் என்று பள்ளி முத்திரை போல் பளிச்சென்ற முத்திரையுடன் ஆங்கிலத்தில் கடிதம் தந்தார். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. "ஐந்து நாளுக்காக நேரத்தை மாற்றிக் குழப்பிக்க வேண்டாம். இங்கே ஒன்பது மணின்னா அங்கே பதினொன்றரை. பதினொன்றரைக்கே போடட்டும்" என்றார்.

நான் தையல்காரி. எனக்குத் தெரிந்ததை நானும் செய்தேன். நீல நிற டிரில் துணியில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை இரண்டு தைத்தேன். பேனாவுக்கு ஒரு அறை, மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஒரு அறை, முன்பக்கம் ஜிப் இல்லாமல், கை விட்டால் உடனே எடுக்கும்படி சர்க்கரைக்கும் பழச்சாறுக்கும் ஒரு அறை. ஒன்று பாப்பாவுக்கு, ஒன்று டீச்சருக்கு. டீச்சர் அந்த ஐந்து நாளும் புடவை மேல் அதைக் கட்டியிருந்தார். போட்டோக்கள் எல்லாவற்றிலும் நீலப் பை தெரிகிறது. சாங்கி விமான நிலையத்தில், ஜுவெல் என்ற கட்டடத்துக்குள் இருக்கும் அந்த 40 மீட்டர் அருவிக்கு முன்னால் எடுத்த படத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அருவி இல்லை, டீச்சர் இடுப்பில் இருந்த பைதான்.

எதிர் வீட்டு அண்ணன் தன் வேனில் திருச்சி வரை கொண்டுபோய் விட்டார், டீசல் காசு கூட வாங்கவில்லை. விமான நிலையச் சோதனையில் ஊசி முனைகளைப் பார்த்ததும் அந்த அதிகாரி பாப்பாவைத் தனியே அழைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு, பையைத் தானே ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார் அவர். பாப்பா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

அவள் அப்பாவின் தாத்தா ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். ஏறக்குறைய ஒரு வாரம் கடலிலேயே இருந்தாராம். போய்ச் சேர்ந்தார் என்று வீட்டுக்குத் தெரியவே கடிதம் வந்தால்தான் உண்டு. என் மாமியார் அன்று ராத்திரி முழுக்க அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா நான்கு மணி நேரத்தில் போய் இறங்கினாள். இறங்கிய பத்தாவது நிமிடம் டீச்சரிடமிருந்து "இறங்கிவிட்டோம். 138. இட்லி சாப்பிட்டாள்" என்று செய்தி வந்தது.

அந்த ஐந்து நாளும் டீச்சர் எனக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. முதலில் ஒரு எண், பிறகு ஒரு வரி. ராத்திரி பதினொன்றரைக்கு ஊசி. அதன்பின் படுத்து, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்ப்பார். இங்கே பன்னிரண்டரை. நான் விழித்திருப்பேன் என்று தெரிந்து உடனே எண்ணை அனுப்புவார். "121. தூங்குகிறாள். நீங்களும் தூங்குங்கள்." மூன்றாம் நாள் ராத்திரி 78 காட்டியது. அன்று மாலை "கார்டன்ஸ் பை தி பே" என்ற தோட்டத்தில் நெடுநேரம் நடந்திருக்கிறார்கள். ஐம்பது மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்த இரும்பு மரங்களுக்குக் கீழே விளக்குக் காட்சி பார்த்திருக்கிறார்கள். டீச்சர் அவளை எழுப்பி, பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, நாலு மணி வரை உட்கார்ந்திருந்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் படுத்தார். காலையில் ஏழு மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளையும் எண்ணிப் பஸ்ஸில் ஏற்றியவரும் அதே டீச்சர்தான். உங்கள் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள். உங்கள் மாமியாருக்கும் என் வணக்கம், டீச்சர்.

இனி ரயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் ஜூரோங்கில் இருக்கும் அறிவியல் மையத்துக்குப் போயிருக்கிறார்கள். நெருப்பு சுழன்று சுழன்று சூறாவளி போல் மேலே எழும்புவதைக் காட்டும் இடம் ஒன்று அங்கே உண்டாம், பாப்பா இன்னும் அதைப் பற்றியே பேசுகிறாள். மதியம் முழுத் தட்டுச் சோற்றுக்குக் கணக்குப் போட்டு ஊசி போட்டுக்கொண்டாள். பாதி சாப்பிடும்போதே நேரமாகிவிட்டது என்று எல்லோரும் எழ, இவளும் எழுந்துவிட்டாள். ஊசி முழுச் சோற்றுக்கு, வயிற்றில் பாதிச் சோறு. ஜூரோங் ஈஸ்ட்டில் எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது.

அது அவளுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ரயிலில் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, மீறினால் 500 வெள்ளி, அதாவது 500 சிங்கப்பூர் டாலர், அபராதம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நம் பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே, என்னால் டீச்சருக்கு அபராதம் விழுந்துவிடுமே என்று, பழச்சாறு இடுப்பிலேயே இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏசி ரயிலில் அவள் நெற்றியில் வியர்வையைப் பார்த்தவள் அவளுடைய சிநேகிதி. சர்க்கரை இறங்கினால் பாப்பா பேச்சைக் குறைத்துவிடுவாள் என்று ஒருநாள் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றதும் "டீச்சர்!" என்று கத்தியிருக்கிறாள். கண்ணு, நீ அன்றைக்குக் கூச்சப்படாமல் கத்தினாயே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், உன் கல்யாணப் பட்டுக்கு ரவிக்கை என் கையால்தான்.

டீச்சர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லையாம். பழச்சாற்றை உடைத்து வாயில் வைத்துவிட்டார். "500 வெள்ளியோ 5,000 வெள்ளியோ, அப்புறம் பாத்துக்கலாம், குடி" என்றிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி எழுந்து இவளை உட்கார வைத்தார். குயின்ஸ்டவுன் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள், அந்தப் பாட்டியும் கூடவே இறங்கிவிட்டார். மீட்டர் 54 காட்டியது. நிலையத்தில் வேலை செய்யும் மலாய்ப் பெண் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். டீச்சர் கடிதத்தை நீட்டி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அவர் கையை அசைத்து நிறுத்தி, இதற்கெல்லாம் யாரும் அபராதம் போட மாட்டார்கள், 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். பதினைந்து நிமிடத்தில் 71. அடுத்த பதினைந்து நிமிடத்தில் 96. இந்த அரை மணி நேரமும் அந்தப் பாட்டி போகவில்லை. பாப்பாவுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே முதுகைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். வியர்வையைத் துடைக்கத் தன் பையிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 96 என்றதும் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார். அவர் இறங்க வேண்டிய நிலையம் அது இல்லை என்பது அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாட்டி, இந்த மடல் உங்களிடம் வந்து சேர வழியில்லை. அந்தப் பொட்டலத்தில் மீதி இருந்த நான்கு கைக்குட்டைகளைப் பாப்பா பயன்படுத்தாமல் நீலப் பையிலேயே வைத்திருக்கிறாள். எனக்குச் சாமி கும்பிடும்போது உங்கள் முகம் தெரியாது, ஆனாலும் உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த விஷயத்தை டீச்சர் அன்று மாலையே போனில் என்னிடம் சொன்னார். 54 என்ற எண்ணை மறைக்கவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "சாப்பாட்டு நேரத்தில் நான் அவள் தட்டைப் பார்த்திருக்கணும், தப்பு என்மேல்தான்" என்றார். டீச்சர், தப்பு உங்கள்மேல் இல்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே வீட்டில் இதைவிடக் கீழே போயிருக்கிறது. மறைக்காமல் சொன்னீர்கள் பாருங்கள், அதனால்தான் மீதி மூன்று நாளும் நான் நிம்மதியாக இருந்தேன்.

பழைய மாணவர்களுக்கு இன்னொரு நன்றி. சிராங்கூன் சாலைக்கு அழைத்துப்போய் வாழை இலையில் சோறு போட்டீர்கள். நம் சோறு என்பதால் அவளுக்குக் கணக்குப் போட எளிதாக இருந்தது. வீரமாகாளியம்மன் கோவிலில் என் மாமியார் கொடுத்தனுப்பிய காணிக்கையைப் போட வைத்தீர்கள். கடையில் டீ, காப்பி கேட்டால் கெட்டியான இனிப்புப் பாலை ஊற்றித்தான் தருவார்கள், "ஓ கோசோங்" என்று சேர்த்துச் சொல் என்று கற்றுக் கொடுத்தீர்கள். "ஓ" என்றால் பால் வேண்டாம் என்பதாம், "கோசோங்" என்றால் மலாயில் காலி என்று அர்த்தமாம், பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். பானப் பாட்டில்களில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைப் பார்த்து ஏ முதல் டி வரை எழுத்துப் போட்டிருப்பதையும் காட்டினீர்கள். ஒவ்வொரு பாட்டிலாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றே பழகிய பிள்ளை அவள். அங்கே தானே கடைக்குப் போய், எழுத்தைப் பார்த்து, தனக்கு வேண்டியதை எடுத்துக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். இப்போது வீட்டிலும் "அம்மா, கோப்பி ஓ கோசோங்" என்றுதான் கேட்கிறாள். தமிழய்யா, நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்று நீங்கள் காட்டிய அறிவிப்புப் பலகைகளின் படங்களும் இருபதுக்கு மேல் இருக்கின்றன.

திருச்சியில் இறங்கியபோது ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வந்தாள், சிரித்தாள், "ஒரு நிமிஷம்மா" என்று அங்கேயே ஓரமாக உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தாள். "142" என்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, நோட்டை என் கையில் கொடுத்தார். ஐந்து நாள், ஐம்பத்து மூன்று எண்கள். ராத்திரி மூன்று மணி எண்களின் பக்கத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

போன வாரம் நம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளைக்கும் டைப் 1, வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. உங்கள் மகள் போட்டோவைப் பார்த்தேன், அந்தப் பை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடையில் கிடைக்காது, நானே தைத்துத் தருகிறேன் என்றேன். டீச்சரின் நோட்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அந்தப் பிள்ளையும் பாப்பாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நீலம் வேண்டாமாம், சிவப்புதான் வேண்டுமாம். துணி வாங்கிவந்து வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா
மன்னார்குடி